அடுத்து என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை

கண் போன பிறகு எதை அதிகம் இழந்ததாக நினைக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்பவர்கள், குழந்தையின் முகம், மாலை வானம் என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் சற்று ஏமாந்துபோகிறார்கள். முதலில் கைவிட்டுப் போனது வெள்ளிக்கிழமை இரவுப் படம். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். இருபதுகளில் மாலைக்கண்ணாகத் தொடங்கியது. பக்கப் பார்வை வருடத்துக்கு வருடம் சுருங்கி, சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போலாகி, நாற்பத்து மூன்றாம் வயதில் அந்தத் துவாரமும் அடைபட்டது. இப்போது எதிரே வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். திரை பளிச்சிட்டால் பகல் காட்சி, மங்கினால் இரவுக் காட்சி. மிச்சத்தை என் மனைவி சொல்வாள்.

அவள் சொல்வது ஒரு தனிக் கலை. “கதவு திறக்கிறது. அவன்தான். இல்லை, அவன் தம்பி. கையில் என்னமோ வைத்திருக்கிறான், இருங்கள்.” அதற்குள் படத்தில் ஏதோ உடையும் சத்தம். “என்ன, என்ன?” என்பேன். “சொல்கிறேன், இருங்கள்.” தியேட்டராக இருந்தால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு எனக்குக் காரணம் தெரியவரும். தனியாகச் சிரிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த சிரிப்போடு சேர்த்துச் சிரித்துக்கொள்வேன். முன் வரிசையிலிருந்து “கொஞ்சம் பேசாமல் இருக்கிறீர்களா?” என்று யாராவது திரும்பினால் அவள் குரல் தாழ்ந்துவிடும், எனக்குப் படமும் தாழ்ந்துவிடும். இப்படி மூன்று வருடம் ஓடியது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்: “நான் ஒரு படத்தை முழுதாகப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது, தெரியுமா உங்களுக்கு? பாதிக் கவனம் திரையில், பாதிக் கவனம் உங்கள் காதில்.” அன்றிலிருந்து நானே படத்தைத் தவிர்க்க ஆரம்பித்தேன். தூக்கம் வருகிறது என்றேன். படங்களே இப்போதெல்லாம் நன்றாக இல்லை என்றேன்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. மகள் டிவியில் ஒரு தொடர் போட்டிருந்தாள். திடீரென்று ஒரு பெண்குரல் நடுநடுவே பேசத் தொடங்கியது. “அப்பா, டிவியில் ஏதோ கோளாறு. யாரோ ஒருத்தி கதை சொல்லிக்கொண்டே இருக்கிறாள்” என்றாள். ரிமோட்டை அழுத்திப் பார்த்து, பத்து நிமிடம் போராடி, அந்தக் குரலை நிறுத்திவிட்டு வெற்றிப் பெருமூச்சு விட்டாள். நானும் “அப்பாடா” என்றேன். எனக்கு வேண்டிய ஒன்று வீடு தேடி வந்தது. அதைக் கோளாறு என்று சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து வெளியே அனுப்பினோம். அதன் பெயர் ஆடியோ டிஸ்கிரிப்ஷன், தமிழில் ஒலி விவரிப்பு என்பது எனக்குத் தெரிய மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. போனில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்வசதி அமைப்புகளை விரலால் தடவிக்கொண்டு போகும்போது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அந்தப் பெயரைப் படித்தது. அப்போதுதான் மகள் விரட்டியடித்த பெண்குரல் நினைவுக்கு வந்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வசனங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில், திரையில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும். அது தனி ஒலித்தடமாக இருக்கும். மொழியைத் தேர்வு செய்வதுபோல அதையும் தேர்வு செய்யலாம். புதிய சங்கதி ஒன்றும் இல்லை. 1970களில் கிரிகரி ஃப்ரேசியர் என்பவர் பார்வையற்ற நண்பருக்குத் தொலைக்காட்சிப் படம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது இதை முறையாகச் செய்யலாமே என்று தோன்றி, அதையே முதுகலை ஆய்வாக எழுதினார். என் மனைவி செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில், தானே பார்வையற்றவரான மார்கரெட் ஃபான்ஸ்டீலும் பின்னாளில் அவருடைய கணவரான கோடியும் மேடை நாடகங்களுக்கு விவரிப்பு தரத் தொடங்கினார்கள். 1990இல் பாஸ்டனின் டபிள்யூஜிபிஹெச் நிலையம் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. நெட்ஃப்ளிக்ஸ் 2015 ஏப்ரலில் ‘டேர்டெவில்’ தொடரோடு ஆரம்பித்தது; அதன் நாயகன் பார்வையற்ற வழக்கறிஞர். அந்த வருடம் நான் இன்னும் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு இதெல்லாம் எதற்கு என்று காதில் வாங்கவே இல்லை. பார்வை குறைந்துகொண்டு வருபவர் யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன்: கொஞ்சம் கண் இருக்கும்போதே இதற்குப் பழகிக்கொள்ளுங்கள். மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் ஒரு தடவை பார்த்து வைத்திருந்தால் எனக்குப் பல வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

பெயர் தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் முதல் முட்டாள்தனம். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தில் “ஒலி விவரிப்பு உண்டு” என்று இருந்தது. மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தா மலிவு என்று கணக்குப் போட்டு, முழு வருடத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். அன்றிரவே உட்கார்ந்தேன். பார்க்க ஆசைப்பட்ட முதல் படத்தில் விவரிப்பு இல்லை. இரண்டாவதில் இல்லை. ஏழாவதில் இருந்தது, ஆனால் எனக்குச் சரளமாக வராத மொழியில். மொத்தத்தில், அவர்களே தயாரித்த படங்களிலும் தொடர்களிலும்தான் விவரிப்பு ஓரளவு நம்பகமாக இருந்தது. வெளியிலிருந்து வாங்கி ஓட்டிய படங்களில் பெரும்பாலும் இல்லை. காரணம் பின்னால் புரிந்தது. ஒரு படத்துக்கு விவரிப்பு ஏற்கெனவே தயாராகித் தியேட்டரில் ஓடியிருந்தாலும், அந்த ஒலித்தடம் படத்தோடு தானாகவே எல்லா இடத்துக்கும் போவதில்லை. படத்தை விற்பவர் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், வாங்குபவர் கேட்டு வாங்கி ஏற்ற வேண்டும். இரண்டில் ஒருவர் மறந்தாலும் போயிற்று. அதனால் ஒரே படம் ஓர் இடத்தில் விவரிப்போடும் இன்னோர் இடத்தில் ஊமையாகவும் இருக்கும். மொழி மாற்றிய படத்துக்கும் இதே கதி. விவரிப்பு ஒரு குறிப்பிட்ட மொழித் தடத்தோடு ஒட்டிப் பிறந்தது. மூலமொழியில் இருக்கிறது என்பதால் டப்பிங் மொழியிலும் இருக்கும் என்று எண்ணக் கூடாது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால், நிறுவனத்தில் விவரிப்பு உண்டா என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. நீங்கள் பார்க்க நினைக்கும் ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டு, அந்த ஐந்தில், உங்களுக்கு வேண்டிய மொழியில், நீங்கள் பயன்படுத்தப்போகும் கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தடவை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஆங்கிலப் படங்களுக்கு அமெரிக்கப் பார்வையற்றோர் மன்றம் ‘ஆடியோ டிஸ்கிரிப்ஷன் புராஜெக்ட்’ என்ற பெயரில் எந்தப் படம் எந்தத் தளத்தில் விவரிப்போடு இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. திரைவாசிப்பானோடு படிக்க எளிதாக இருக்கிறது. தளங்களுக்கு உள்ளேயும் தேடும் பெட்டியில் “ஆடியோ டிஸ்கிரிப்ஷன்” என்று ஆங்கிலத்தில் தட்டினால் சிலவற்றில் தனித் தொகுப்பே திறக்கும். இது தெரியாமல் ஒவ்வொரு படமாகத் திறந்து, ஒலி மெனுவுக்குப் போய், மூடி, அடுத்ததைத் திறந்து, நான் கழித்த இரவுகளை எண்ணினால் வயிற்றெரிச்சல்தான்.

கருவி என்று சொன்னேன் அல்லவா, அதில்தான் இரண்டாவது மாதம் முழுவதும் போனது. டிவி அமைப்புகளில் “ஆடியோ டிஸ்கிரிப்ஷன்” என்று ஒரு பொத்தான் இருப்பதை மகள் கண்டுபிடித்து இயக்கிவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்து இயக்கினோம், டிவியையே அணைத்து இயக்கினோம். டிவியின் அந்தப் பொத்தான் பொதுவாக ஆன்டெனா, கேபிள் வழியே வரும் ஒளிபரப்புக்கு. அதற்குள் ஓடும் செயலிகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை. செயலிக்குள் படம் ஓடும்போது ஒலி மற்றும் வசனவரி (சப்டைட்டில்) மெனுவுக்குப் போய், மொழிப் பெயருக்குப் பக்கத்தில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்று இருப்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு குழப்பம், மெனுவைப் படித்துக் காட்டும் குரலும் படத்தை விவரிக்கும் குரலும் ஒன்று என்று நினைப்பது. டிவி விற்றவரே அப்படித்தான் நினைத்திருந்தார். “குரல் வசதி இருக்கிறது சார், எல்லாம் பேசும்” என்றார். பேசியது, “வால்யூம் பதினான்கு” என்று. முன்னது திரைவாசிப்பான், பின்னது ஒலி விவரிப்பு. இரண்டும் வேண்டும், ஏனென்றால் முதலாவது இல்லாமல் இரண்டாவதைத் தேடிப் பிடிக்க வேறொருவரின் கண் தேவைப்படும்.

திரைவாசிப்பானை நாமே எழுப்ப வழி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அமேசானின் ஃபயர் டிவி ரிமோட்டில் பின்செல்லும் பொத்தானையும் மெனு பொத்தானையும் சேர்த்து இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் பேச ஆரம்பிக்கும். இணையப் படங்களை டிவியில் காட்டும் ரோகு கருவியின் ரிமோட்டில் நட்சத்திரப் பொத்தானை வேகமாக நான்கு முறை தட்ட வேண்டும். ஐபோனில் அணுகல்வசதி அமைப்புகளில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன்ஸ் என்பதை ஒரு தடவை இயக்கிவிட்டால், அதை மதிக்கும் செயலிகள் விவரிப்பு இருக்கும் இடத்தில் தானாகவே அதைப் போடும். ஆண்ட்ராய்டின் 13ஆம் பதிப்பிலிருந்து அதிலும் இந்தப் பொத்தான் உண்டு. மதிக்காத செயலிகளும் உண்டு. அவற்றில் ஒவ்வொரு தடவையும் கையால்தான். என் சொந்த அனுபவத்தில் டிவியைவிடப் போன் நூறு மடங்கு எளிது. விரலை வைத்தால் படிக்கிறது, தவறினால் இன்னொரு தடவை வைக்கலாம். முதல் மாதம் போனிலேயே பழகிவிட்டு டிவிக்குப் போங்கள். பயணத்துக்காகத் தரவிறக்குபவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் இணையத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சில செயலிகளில் விவரிப்புத் தடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு தரவிறக்கினால்தான் அதுவும் சேர்ந்து வரும். நான் ஆறு மணி நேரப் பயணம் ஒன்றில் கார்கள் மோதும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

வாடிக்கையாளர் சேவையோடு நடந்ததை எழுதினால் அது தனிக் கட்டுரையாகும். சுருக்கமாக: மூன்று பேரிடம் பேசினேன், மூன்று பேரும் வசனவரியை எப்படி இயக்குவது என்று பொறுமையாக விளக்கினார்கள். மூன்றாமவரிடம் “எனக்குக் கண் தெரியாது, வசனவரியை வைத்து நான் என்ன செய்ய?” என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எழுத்தைப் பெரிதாக்கவும் வழி இருக்கிறது சார்” என்றார். போனை வைத்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் கலைச்சொல்லை நம்புவதில்லை. “கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லும், அது தனி ஒலித்தடம், மொழிப் பட்டியலில் இருக்கும்” என்று எடுத்தவுடனே சொல்லிவிடுகிறேன். தொலைபேசியைவிட எழுத்தில் கேட்பது நல்லது, பதில் கையில் இருக்கும். ஆண்டுச் சந்தாவைத் திரும்பக் கேட்டபோது எழுத்தில் எதுவும் இல்லாததால் ஒரு காசும் வரவில்லை.

சரி, ஒரு வழியாக ஒரு படம் கிடைத்தது, விவரிப்பு ஓடியது. மகிழ்ச்சியில் மிதந்தேன் என்று எழுத ஆசைதான். அரை மணி நேரத்தில் தலைவலி வந்தது. வசனம், இசை, விவரிப்பு எல்லாம் ஒரே காதில் மோதின. யார் பேசியது, யார் விவரித்தது என்றே பிரிக்க முடியவில்லை. இத்தனை அலைந்து பெற்றது இவ்வளவுதானா என்று கசந்துபோய் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு வாரமும் வீண். காதுக்கும் பயிற்சி தேவை என்று யாராவது சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். பிறகு கண் இருந்தபோது பார்த்த ஒரு பழைய படத்தை விவரிப்போடு போட்டேன். கதை தெரியும், முகங்கள் தெரியும், ஆகவே விவரிக்கும் குரலை மட்டும் கவனிக்க முடிந்தது. அது எப்போது நுழைகிறது, எப்போது விலகுகிறது என்ற தாளம் பிடிபட்டது. மூன்றாவது படத்தில் குரல் இருப்பதே மறந்துபோனது. வேகமாக வெட்டிவெட்டி ஓடும் சண்டைப் படத்தில் தொடங்காதீர்கள். அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் ஒன்று போதும், பாத்திரங்களும் குறைவு, வீடும் ஒன்றே.

அதன் பிறகுதான் நல்ல விவரிப்பு எது, மோசமானது எது என்று சுவை பிறந்தது. இந்த வேலையின் அடிப்படை விதி, பார்த்ததைச் சொல், உன் தீர்ப்பைச் சொல்லாதே என்பது. “அவள் சோகமாக இருக்கிறாள்” என்று சொன்னால் எனக்குத் தகவல் மட்டும் கிடைக்கிறது. “அவள் கடிதத்தை நான்காக மடிக்கிறாள். அடுப்பருகே கொண்டுபோகிறாள். மறுபடி பிரிக்கிறாள்” என்றால் சோகத்தை நானே கண்டுபிடிக்கிறேன். இந்த மூன்று வாக்கியங்களையும் சொல்லி முடிக்க ஆறேழு நொடிதான் கிடைக்கும், அதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். பாடல் காட்சியில் இன்னும் சிரமம், பாட்டின் மேல் பேசினால் பாட்டு போகிறது, பேசாவிட்டால் காட்சி போகிறது. கெட்டிக்காரர்கள் இரண்டு சரணங்களுக்கு நடுவே வரும் இசையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். இப்போது சில இடங்களில் கணினிக் குரல் விவரிக்கிறது. எதுவும் இல்லாததற்கு அது மேல் என்பவர்கள் உண்டு, நானும் கேட்கிறேன். ஆனால் ஒருவன் செத்து விழுவதையும் ஒருவன் தேநீர் குடிப்பதையும் ஒரே தொனியில் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது பேசாமல் இருக்கத் தெரிந்த விவரிப்பாளர்கள். மழை பெய்துகொண்டே இருக்கும், ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும், அந்தக் குரல் வாயே திறக்காது. அந்த மௌனத்தை நம்ப முடிகிறது.

மௌனத்தை நம்பியதால் நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன். ஆறாவது மாதம், தியேட்டரில் விவரிப்புக் கருவி தருகிறார்கள் என்று தெரிந்து, மனைவியோடு போனேன். “இன்று நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது, நிம்மதியாகப் படம் பார்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். வாசலில் ஒரு பையன் ஹெட்ஃபோனும் இடுப்பில் செருகும் சிறு பெட்டியும் கொடுத்தான். முன்னோட்டங்கள் ஓடும்போது போட்டுப் பார்த்தேன். ஒலி கணீரென்று கேட்டது. ஆகா, வேலை செய்கிறது என்று மனைவியின் கையைத் தட்டினேன். படம் ஆரம்பித்தது. விவரிப்பு வரவில்லை. வசனம் அதிகம் இருக்கும் காட்சி போலிருக்கிறது, இடைவெளிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு நீண்ட துரத்தல். காலடிகள், மூச்சிரைப்பு, கண்ணாடி. திரை மாறி மாறிப் பளிச்சிடுவது எனக்குத் தெரிகிறது. குரல் மட்டும் இல்லை. வேண்டுமென்றேதான் பேசாமல் இருக்கிறாரோ? கருவி பழுதோ? கண் தெரிந்தவர்களுக்கு இது புரிவது கடினம்: எங்களுக்குப் பழுதும் மௌனம்தான், கலையும் மௌனம்தான். மனைவி ஏதோ உணர்ந்து “வருகிறதா?” என்று கேட்டாள். “வருகிறது” என்று பொய் சொன்னேன். அவள் மூன்று வருடம் கழித்து ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு தாங்கவில்லை, எழுந்தோம், வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம். என்னிடம் கொடுத்திருந்தது செவித்திறன் குறைந்தவர்களுக்கான கருவி. படத்தின் ஒலியைக் கூட்டிக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அந்தப் பையன்மேல் தவறில்லை, இரண்டும் ஒரே பெட்டிதான், உள்ளே தடம் மட்டும் வேறு. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படத் தொகுப்பில் வழக்கமாக 7ஆம் தடம் அவர்களுக்கு, 8ஆம் தடம் எங்களுக்கு. மன்னிப்புக் கேட்டு வேறொரு படத்துக்கு இலவச டிக்கெட் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் விவரிப்பே கிடையாது.

இதிலிருந்து ஒரு சோதனையைக் கண்டுபிடித்தேன், தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னோட்டங்கள் ஓடும்போது ஹெட்ஃபோனில் ஒலி கேட்டால் அது தவறான தடம். விவரிப்புத் தடத்தில் விவரிப்பாளரின் குரல் மட்டுமே இருக்கும், படத்தின் ஒலி இருக்காது. முன்னோட்டங்களுக்குப் பெரும்பாலும் விவரிப்பு கிடையாது என்பதால் அதுவரை அமைதியாகத்தான் இருக்கும். படம் தொடங்கியதும், தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் வரும்போதே குரல் வந்துவிடும். சின்னம் முடிந்தும் வராவிட்டால் உடனே எழுந்துவிடுங்கள், என்னைப்போல ஐம்பது நிமிடம் கௌரவம் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் முன்னதாகப் போங்கள். “விவரிப்புக் கருவி வேண்டும், காது கருவி வேண்டாம்” என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெளியே போய்ச் சொல்ல ஒருவர் துணைக்கு இருந்தால் ஓர இருக்கை எடுங்கள். அந்த நாளில் என் மனைவியின் படமும் பாதியில் போனது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

கருவிக்குப் பதில் போன் செயலிகளும் இருக்கின்றன. விவரிப்பை வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு போனால், தியேட்டரில் போனின் மைக் படத்தின் ஒலியைக் கேட்டு எந்த இடம் ஓடுகிறது என்று அறிந்து சரியான வரியைச் சரியான நேரத்தில் சொல்லும். யார் தயவும் வேண்டாம். ஆனால் மைக் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், போனைப் பையின் அடியில் புதைக்கக் கூடாது, திரை வெளிச்சம் பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணைக் குத்தக் கூடாது. ஐபோனில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் ஓடும்போது மூன்று விரல்களால் மூன்று தடவை தட்டினால் திரை முழுவதும் இருண்டுவிடும், நமக்குத்தான் அது எரிந்தாலும் ஒன்று, அணைந்தாலும் ஒன்று. ஹெட்ஃபோனில் நான் இன்னொரு பணத்தை வீணாக்கினேன். காதை முழுதாக மூடி வெளிச் சத்தத்தை அடைக்கும் விலை உயர்ந்த புளூடூத் ஹெட்ஃபோன் வாங்கினேன். விவரிப்பு அற்புதமாகக் கேட்டது, படம் கேட்கவில்லை. தியேட்டருக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது. எலும்பு வழியே ஒலி கடத்தும் ஹெட்ஃபோன் கன்னத்தில் உட்கார்ந்துகொள்ளும், காது இரண்டும் திறந்திருக்கும், படம் காதில், குரல் எலும்பில். அது இல்லாவிட்டால் ஒற்றைக் காதில் சாதாரணக் கம்பி இயர்ஃபோன் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாம் சீராகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நான் உயிராகப் பார்த்த ஒரு தொடரில் மூன்று பருவங்களுக்கு விவரிப்பு இருந்தது, நான்காவதில் இல்லை. எட்டு மணி நேரக் கதையின் முடிவை மகள் சாப்பாட்டு மேசையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். இப்போது புதிய தொடரை ஆரம்பிக்கும் முன் கடைசிப் பருவத்தின் கடைசி அத்தியாயத்தைத் திறந்து ஒலி மெனுவைப் பார்த்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்கே வருகிறேன். இல்லாத இடங்களுக்கு எழுதிக்கொண்டும் இருக்கிறேன். படத்தின் பெயர், மொழி, கருவி, செயலியின் பதிப்பு, வேறு எந்தத் தளத்தில் அதே படம் விவரிப்போடு இருக்கிறது, இந்த ஐந்தையும் எழுதினால் சில நேரம் பதில் வருகிறது. இரண்டு தடவை அந்தத் தடம் ஏற்றப்பட்டும் இருக்கிறது. என் கடிதத்தால்தானா என்று தெரியாது, நானே காரணம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டில் சேர்ந்து பார்ப்பதுதான் கடைசியாகத் தீர்ந்த சிக்கல். விவரிப்பை டிவியில் எல்லோருக்கும் கேட்கும்படி போட்டால் மனைவிக்குப் பிடிக்கவில்லை. “கதவுக்குப் பின்னால் அவன் நிற்கிறான் என்று அது முதலிலேயே சொல்லிவிடுகிறது, எனக்கு எதற்குப் பயம் வரும்?” என்றாள். நியாயம்தான், இடைவெளி எங்கே கிடைக்கிறதோ அங்கே சொல்ல வேண்டியிருப்பதால் சில நேரம் குரல் காட்சியை முந்திவிடும். இப்போது டிவியில் அவளுக்கு விவரிப்பு இல்லாமல், அதே படம் என் போனில் விவரிப்போடு, எலும்பு ஹெட்ஃபோனில், மெல்லிய ஒலியில். சந்தா ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்திவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து அழுத்துகிறோம். எவ்வளவு எண்ணினாலும் என்னுடையது அரை நொடி முன்னால் ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு நகைச்சுவைக் காட்சியில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். “இருங்கள், இருங்கள், எனக்கு இன்னும் வரவில்லை” என்றாள்.